கட்டில் ஆடினால் கை கட்டி நிற்பதா?

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கட்டில், தை மாதம் ஆடுகிறது! மகளுக்குச் சீராகக் கொடுத்த பீரோவின் கதவு தொங்குகிறது. தேக்கு என்று சொல்லி விற்ற மேஜையில், வண்ணம் உரிந்து மரத்தூள் பலகை பல்லை இளிக்கிறது.

கடைக்குப் போனால் என்ன பதில்? "விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். வாங்கியவர் வாய் மூடித் திரும்புகிறார்.

அந்த ஒரு வரி, வாங்கியவரின் உரிமையைப் பறித்துவிடாது. சாமானில் குறை இருப்பதை நிரூபித்தால், அதைச் சரி செய்து தரும்படியோ, மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ நுகர்வோர் கோர்ட்டு உத்தரவு போடலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

குறை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வெளியூரில் வாங்கியிருந்தாலும், சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முறையிடலாம்.

ஆனால், மழையில் நனையவிட்ட மேஜை உப்பினால் கடைக்காரர் என்ன செய்வார்? நியாயம் இரு பக்கமும் வேண்டும்.

இன்னொன்று, ரசீது! "பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைவு" என்ற பேச்சில் மயங்கக் கூடாது. நாளைக்குச் சாட்சி சொல்லப் போவது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

பல மாதம் உழைத்துச் சேர்த்த காசு அது. அந்தக் காசுக்கு உறுதியான கட்டில் கேட்பதில் வெட்கம் எதற்கு?