கடலுக்குக் கணக்கெழுதுவது யார்?



"கடலைப் பற்றி நமக்கென்ன? நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் ஒரு நண்பர், சங்கக் கூட்டத்தில். நிபுணர்கள் பார்த்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. கேளுங்கள்.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து. 'காட்' என்னும் மீனை நம்பிப் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த கடற்கரை. 1977-இல் கனடா அரசு 200 கடல் மைல் வரை தன் உரிமை என்று அறிவித்து, அந்நியக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தில் யார் நுழைந்தார்கள்? உள்நாட்டுக் கம்பெனிகளின் பெரிய இழுவைக் கப்பல்கள்!

கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று அரசு விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் மதிப்பிட்டார்கள். ஆய்வுக் கப்பலின் கணக்கோடு, கம்பெனிக் கப்பல்களுக்குக் கிடைத்த மீனும் அதில் சேர்ந்தது. அங்கேதான் கோளாறு. மீன் குறையக் குறைய மிச்சமுள்ளது ஓரிடத்தில் கூடும். கருவி வைத்துத் தேடும் கப்பல் அங்கேயே போய் நிற்கும், வலை நிறையும். வலை நிறைந்தால் கடலும் நிறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். நான் ரயில்வே குமாஸ்தா. வெளியே போகும் மூட்டைகளை எண்ணிவிட்டு, "கிடங்கில் இருப்பு ஏராளம்" என்று நான் எழுதினால் விடுவார்களா?

சிறுபடகு மீனவர்கள் 1980-களின் நடுவிலேயே சொன்னார்கள்: மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறுத்துவிட்டது என்று. 1986-இல் அவர்களுடைய சங்கம் தானே விஞ்ஞானிகளை அமர்த்தி, அரசின் கணக்குத் தவறு என்று காட்டியது. யார் கேட்டார்கள்? 1989-இல் அரசு விஞ்ஞானிகளே தவற்றை உணர்ந்து, 1,25,000 டன்னோடு நிறுத்துங்கள் என்றார்கள். அரசு அனுமதித்ததோ 2,35,000 டன்!

முடிவு? 1992 ஜூலை 2-இல் மீன்பிடிக்கே தடை. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். பலர் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனார்கள். மூட்டை கட்டுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? வணிக மீன்பிடி மீண்டும் திறக்க 32 ஆண்டுகள் ஆயின. 2024-இல் கிடைத்த அனுமதி 18,000 டன்!

இது ஒரு கரையின் கதை. உலகக் கடல்களின் நிலை என்ன? மதிப்பிடப்பட்ட மீன் இருப்புகளில் அளவுமீறிப் பிடிக்கப்பட்டவை 1974-இல் 10 சதவிகிதம், 2021-இல் 37.7 சதவிகிதம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் தரும் கணக்கு இது. ஐ.நா. 2015-இலும் 2021-இலும் உலகப் பெருங்கடல் மதிப்பீடுகளை முடித்தது. நூற்றுக்கணக்கான அறிஞர்களின் உழைப்பு, மதிக்கிறோம். ஆனால் அந்த ஏடு நிலைமையைச் சொல்லலாம். அரசுகள் என்ன செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கக் கூடாது! நோயைச் சொல்லலாம், மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. இது என்ன வைத்தியம்?

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. கணக்கே வேண்டாம் என்பவன் கொள்ளைக்காரனுக்குத்தான் துணைபோகிறான். நம் கோபம், யாரைக் கேட்டுக் கணக்கெழுதுகிறார்கள், எழுதியபின் யார் மதிக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

இந்தியாவிலேயே பாடம் இருக்கிறது. 1991-இல் ஆழ்கடலைக் கூட்டுக் கம்பெனிகளின் அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள். மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1996-இல் முராரி குழு அந்த உரிமங்களை ரத்துசெய்யச் சொன்னது. கரைக்குக் கரை மொழி வேறு. எழுந்த குரல் ஒன்று!

ஆகவே கேட்கிறோம். கடலை மதிப்பிடும் குழுக்களில் சிறுபடகு மீனவர்களுக்கு இடம் வேண்டும். மதிப்பீடு அவர்கள் தாய்மொழியில் வெளிவர வேண்டும். விஞ்ஞானிகள் சொன்ன அளவை அரசு மீறினால், காரணத்தை எழுத்தில் மக்கள்முன் வைக்க வேண்டும்.

நிபுணர்கள் எண்ணட்டும். ஆனால் வலை இழுக்கும் கையும் அந்தக் கணக்கில் கையெழுத்திட வேண்டும்!