இரண்டு தெய்வங்களும் வேண்டாம்

தேவருக்கும் அசுரருக்கும் போர் என்றால் யார் பக்கம் நிற்பது என்பதில் கேட்பவருக்குக் குழப்பமே இருக்காது. 1994 முதல் 1998 வரை ஒளிபரப்பான ‘பாபிலோன் 5’ என்ற அமெரிக்க அறிபுனைத் தொடர் அந்த நிச்சயத்தில்தான் கை வைத்தது. ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கிய தொடர் அது. 110 அத்தியாயங்களில் பெரும்பாலானவற்றை அவரே எழுதினார்.

அதில் இரண்டு ஆதி இனங்கள். வோர்லான்கள் ஒழுங்கின் உருவம். நீ யார் என்று கேட்பார்கள். ஷேடோ எனப்படும் நிழலினத்தாருக்கோ மோதலில்தான் வளர்ச்சி. உனக்கு என்ன வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியை அவர்களுடைய மனிதத் தூதன் மோர்டன் சிரித்த முகத்தோடு கேட்டுத் திரிகிறான். நார்ன் தூதர் ஜிகார், தன் இனத்தை அடிமைப்படுத்திய சென்டாரிகளை அழிக்க வேண்டும் என்கிறார். அதற்கப்புறம்? தன் மக்கள் பத்திரமாக இருந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார். மோர்டன் நகர்ந்துவிடுகிறான். சென்டாரித் தூதர் லோண்டோ முதலில் எரிந்து விழுகிறார். பிறகு பழைய சாம்ராஜ்யப் பெருமை முழுவதும் திரும்ப வேண்டும் என்று கொட்டித் தீர்க்கிறார். மோர்டனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆசைக்கான விலை, ஐந்தாம் பருவத்தில் சென்டாரித் தலைநகர் மீது குண்டுகளாக விழுகிறது.

இதுவரை நிழலினத்தார்தான் பேய்கள் என்று தோன்றும். வோர்லான்களைத் தேவதைகளாகவே காட்டியிருந்தார் ஸ்ட்ராசின்ஸ்கி. இரண்டாம் பருவக் கடைசியில் விண்நிலையத் தளபதி ஷெரிடனைக் காப்பாற்ற வோர்லான் தூதர் கோஷ் தன் கவசத்தை விட்டு வெளியே வரும்போது, ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் சமயத்தின் ஒளிவடிவத்தையே காண்கிறார்கள். அது அருளல்ல, தலைமுறை தலைமுறையாக வோர்லான்கள் அவர்கள் மனங்களில் செய்துவைத்த ஏற்பாடு. லோண்டோ கண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

நான்காம் பருவத்தில் அந்த ஒளித் தெய்வங்களே, நிழலினத்தாரின் கை பட்ட கிரகங்களை மக்களோடு சேர்த்துப் பொசுக்கக் கிளம்புகிறார்கள். தொடரின் ஆகப்பெரிய துணிச்சல் இதுதான். தீமையை ஒழிக்கிறேன் என்று இறங்கும் ஒழுங்குக்கு எதிரே இருப்பவர்களின் உயிர் பொருட்டே இல்லை என்பதைப் பூசி மெழுகாமல் காட்டியது.

கடைசி மோதலில் ஷெரிடனும் மின்பாரித் தூதர் டெலனும் எந்தப் பக்கமும் சேர மறுக்கிறார்கள். சினந்த தெய்வங்கள் ஷெரிடனின் கப்பலைக் குறிவைக்க, மற்ற இனத்தாரின் கப்பல்கள் குறுக்கே பாய்ந்து அடியைத் தாங்கிக்கொள்கின்றன. வாதத்தில் தோற்ற இரு இனங்களும் பால்வீதியை விட்டே போகின்றன. இத்தனை பெரிய போர் பேச்சில் முடிந்ததே என்று குறைபட்டவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமில்லை. ஆயுதத்தால் ஒரு தெய்வம் வென்றிருந்தால் அதன் கேள்வியே சட்டமாகியிருக்கும். தெய்வங்கள் போன பிறகும் தொடர் ஒன்றரைப் பருவத்துக்கு மேல் நீள்கிறது: பூமியின் சர்வாதிகாரியை மனிதர்களே எதிர்கொள்கிறார்கள், விண்மீன்களுக்கிடையே ஒரு கூட்டணியைத் தட்டுத்தடுமாறிக் கட்டுகிறார்கள்.