ஓடியவளுக்கு இடம் இல்லையா?

சிவகங்கையிலோ காரைக்குடியிலோ கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விக்கிப்பீடியாவில் அவளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கலாமா என்றால், "பத்திரிகைகள் விரிவாக எழுதிய ஆதாரம் எங்கே?" என்கிறார்கள். ஆதாரம் கேட்பதை நாம் குறை கூறமாட்டோம். பகுத்தறிவுக்காரர் கேட்க வேண்டியதும் அதுவே.

ஆனால், 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியில் ரிஷிகளும் தேவர்களும் இடம் பெற்றது எப்படி? புராணம் எழுதி வைத்திருந்ததே போதுமானதாயிற்று! எழுதப்பட்டவன் பிறவாமலே இடம் பெறுகிறான். எழுதப்படாதவள் கண்முன் ஓடியும் இடம் இழக்கிறாள்.

ஓட்டக்காரிக்கு மட்டுமா இக்கதி? கானடா தேசத்துப் பௌதிக அறிஞர் டோனா ஸ்டிரிக்லாண்ட் அம்மையாரைப் பற்றிய கட்டுரையும் 2018 மே மாதம் ஆதாரம் போதாதென்று தள்ளப்பட்டது. அக்டோபரில் நோபல் பரிசு வந்த பிறகே கதவு திறந்தது.

ஒரு பந்தயம் வென்றவர்க்கெல்லாம் இடம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. விதி தளர வேண்டாம். தேரோட்டத்துக்குப் பத்தி பத்தியாய் ஒதுக்கும் பத்திரிகைகள், பெண்ணின் ஓட்டத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். பெயர், ஊர், தேதி, ஓடிய நேரம் யாவும் எழுதட்டும். ஆதாரம் ஆகாயத்திலிருந்து விழாது. மனிதர்தாம் எழுதியாக வேண்டும்.