பிராக் நகரில் நாலு நாள்

வசந்த காலத்தில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி, வெள்ளி முதல் திங்கள் வரை செக் தேசத்தில் விடுமுறை. அந்த நாலு நாட்களில் ஐரோப்பாவின் புராதன நகரம் ஒன்றைக் காண விரும்பும் நேயர்களுக்கு அதன் தலைநகரான பிராக்கையே நாம் சிபாரிசு செய்வோம்.

விஸாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். கடைசி வாரம் வரை காத்திருப்பது உசிதமன்று. 1357-ல் அஸ்திவாரமிட்ட சார்லஸ் பாலத்தைச் சூரியோதய வேளையில் பார்த்துவிட வேண்டும்; பொழுது ஏறினால் ஜனத்திரள்தான் தெரியும், பாலம் தெரியாது. கோட்டைக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அதனுள்ளே இருக்கும் பெரிய தேவாலயம் 1344-ல் தொடங்கி 1929-ல் பூர்த்தியாயிற்று.

இவ்வளவையும் திட்டமிடுகிறவர்கள் தேசீய நாடக சாலையை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில், தங்கள் பாஷைக்கு ஓர் அரங்கம் வேண்டுமென்று செக் ஜனங்கள் நன்கொடை திரட்டி எழுப்பியது அது. 1881 ஜூனில் திறந்தார்கள். ஆகஸ்டில் தீக்கு இரையாயிற்று. அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மறுபடியும் நிதி குவிந்தது. 1883 நவம்பரில் மறுபடியும் திரை உயர்ந்தது. ‘தேசம் தனக்கே அளித்தது’ என்னும் பொருள்பட மேடைக்கு மேலே பொறித்திருக்கிறார்கள்.

கோட்டை மன்னர்களின் பெருமையைச் சொல்லும். இக்கட்டிடம் குடிமக்களின் பெருமையைச் சொல்லும். ஆகவே, நாடகம் உள்ள நாளை முதலில் விசாரித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே நலம்.