கடலிற் பேசும் கருவிகள்

கடலோடிக்கு என்றும் வேண்டியவை சில வினாக்களுக்கு விடைகளே. நாம் இருக்கும் இடம் யாது? எத்திசையிற் செல்கின்றோம்? எவ்வளவு விரைவு? கீழே நீரின் ஆழம் எவ்வளவு? முன்னாள் மாலுமி இவற்றை விண்மீனிடமும் திசையறி கருவியிடமும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றிடமும் தனித்தனியே கேட்டறிந்தான். இந்நாளிலோ சிறு பாய்மரப் படகிலுங்கூடச் செய்மதி வழி இடமறியும் கருவி, ஆழமானி, காற்றுமானி, தன்னியக்கச் சுக்கான் எனப் பல இலத்திரனியற் கருவிகள் இடம்பெற்றுவிட்டன. அவை தம்முட் பேசிக்கொள்ளும் முறையையும், அப்பேச்சு நம் கையடக்கத் தொலைபேசி வரை எட்டும் முறையையும் இவ்வாரம் ஆராய்வோம்.

பல நிறுவனங்கள் செய்த கருவிகள் உரையாடுவதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டுமன்றோ? 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய தேசியக் கடல்சார் இலத்திரனியற் சங்கம், 1983 இல் அத்தகைய நியமம் ஒன்றை வகுத்தது. ‘என்.எம்.இ.ஏ. 0183’ என்பது அதன் பெயர். அம்மொழியின் இலக்கணம் மிக எளியது. வாக்கியம் பெரும்பாலும் டொலர்க் குறியுடன் தொடங்கும். அடுத்து நிற்கும் இரண்டு எழுத்துக்கள் பேசுவது எக்கருவி என்பதையும், அதன்பின் வரும் மூன்று எழுத்துக்கள் பேசும் பொருள் யாது என்பதையும் உணர்த்தும். பின்னர் நேரம், அகலக்கோடு, நெடுங்கோடு, வேகம் முதலியன காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு வரிசையாக வரும். இறுதியில் நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண் ஒன்றும் நிற்கும். கேட்கும் கருவி அவ்வெண்ணைத் தானும் கணித்துப் பார்க்கும். பொருந்தாவிடின் அவ்வாக்கியத்தைத் தள்ளிவிடும். ஒன்று பேசப் பல கேட்கலாம் என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. இதனினும் விரைவான ‘என்.எம்.இ.ஏ. 2000’ என்னும் நியமம் பின்னர் வந்தது. அதிற் கருவிகள் யாவும் ஒரே கம்பித் தொடரில் இணைந்து, பேசுவதும் கேட்பதும் செய்யும்.

கம்பியில் ஓடும் இப்பேச்சை வாங்கி, வை-பை அலையாகப் படகெங்கும் பரப்பும் சிறு பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. தொலைபேசியோ பலகைக் கணினியோ அவ்வலையிற் சேர்ந்தால், ஆழமும் காற்றும் அயற்கப்பல்களின் நிலையும் அதன் திரையில் தோன்றும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. பெட்டியே படகினுள் ஒரு சிறு வலையமைப்பை உண்டாக்கிவிடும். ஆனால், கடல் வரைபடங்களைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளல் வேண்டும். மாலுமி மழையில் நனைந்து சுக்கானைப் பற்றி நிற்க, உள்ளே இருக்கும் துணைவர் அதே எண்களைக் கண்டு வழி கூறலாம். பலகைக் கணினிகளுட் சிலவற்றிற்குச் செய்மதி அலையை வாங்கும் உறுப்பே இல்லை. அவற்றிற்குப் படகின் கருவியே கண்.

நன்மை பெரிது. எனினும், இத்தகைய பகிர்வில் மறைந்திருக்கும் இடர் ஒன்றை நாம் அறிந்திருத்தல் நன்று. அதனைத் தெளிவாகக் காட்டுவது ‘றோயல் மெஜஸ்ரி’ என்னும் பயணிகள் கப்பலின் வரலாறு.

1995 ஆம் ஆண்டு யூன் மாதம், 1,509 பேருடன் அக்கப்பல் பெர்மியூடாவிலிருந்து பொஸ்ரன் நகரை நோக்கிப் புறப்பட்டது. புறப்பட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரத்துள், இடமறியும் கருவிக்குச் செய்மதி அலையைக் கொணரும் கம்பி கழன்றது. கருவி பேச்சை நிறுத்தவில்லை. திசையையும் வேகத்தையும் கொண்டு இடத்தை ஊகித்துச் சொல்லத் தொடங்கிற்று. தான் தரும் நிலை நம்பத்தக்கதன்று என்னும் குறியையும் வாக்கியத்திற் சேர்த்தே அனுப்பிற்று. ஆயினும், கேட்டுக்கொண்டிருந்த தன்னியக்கச் சுக்கான் அமைப்பு அக்குறியை வாசிக்குமாறு இயற்றப்படவில்லை. காற்றும் நீரோட்டமும் கப்பலை மேற்கே தள்ளின. றேடார்த் திரையிலோ கப்பல் குறித்த வழியிலேயே செல்வதாகத் தோன்றிற்று. காகித வரைபடத்திற் குறித்த புள்ளிகளும் அவ்வாறே காட்டின. எல்லாம் அந்த ஒரு கருவியின் வாய்ச்சொல்லே! ஏறக்குறைய 34 மணி நேரத்தின் பின், நன்ரக்கெற் தீவின் அருகே மணற்றிட்டிற் கப்பல் தட்டியது. அப்போது அது, இருப்பதாக எண்ணிய இடத்துக்கு 17 மைல் அப்பால் நின்றது. நல்வேளையாக உயிரிழப்பு நேரவில்லை.

அதே மேடையில் ‘லொறான்’ என்னும் வேறொரு கருவி கரையிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு இடத்தைக் கணித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒருமுறை ஒப்புநோக்கியிருப்பின் பிழை வெளிப்பட்டிருக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சரிபார்ப்பு எண், சொன்ன சொல் சிதையாது வந்தது என்பதற்கே பிணை. அச்சொல் மெய் என்பதற்குப் பிணையன்று. ஒரே கருவியின் பேச்சு நான்கு திரைகளிற் தோன்றினாலும் அவை நான்கு சாட்சிகளாகா. ஆதலின் கடலிற் செல்வோர், தம் தொலைபேசி காட்டும் இடம் படகின் கருவி தந்ததா, தொலைபேசி தானே செய்மதியிடம் கேட்டறிந்ததா என்பதை முன்னரே தெரிந்துகொள்ளல் வேண்டும். தொலைபேசியின் சொந்த உறுப்பைத் தனியே வைத்து இடையிடையே ஒப்பிடுவது நலம். ஆழமானி கூறும் ஆழமும் வரைபடத்தில் உள்ள ஆழமும் இணங்குகின்றனவா எனப் பார்ப்பது அதனினும் நலம். கரை விளக்கையும் மிதவையையும் கண்ணாற் காண்பது எல்லாவற்றினும் நலம்.

இந்நெறி கடலோடிகளுக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் எழுதிய விடையைப் பார்த்து வகுப்பு முழுதும் எழுதினால், நாற்பது தாள்களிலும் ஒரே விடை இருக்கும். அதனால் அது சரியான விடை ஆகிவிடுமா? நம் கைத்திரைகளில் நாள்தோறும் வந்து குவியும் செய்திகளையும் மாணவர்கள் இவ்வாறே ஆராய்வார்களாக. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுமுன், முதலிற் சொன்னது யார் என்று கேட்பதே அறிவுடைமை.