911 அடிக்குமுன்: ஸ்காபரோத் தமிழருக்கு ஒரு வேண்டுகோள்



2026 ஒக்ரோபர் 26ஆம் திகதி ரொறன்ரோ நகரசபைத் தேர்தல். ஸ்காபரோவின் ஆறு வட்டாரங்களிலும் வேட்பாளர்கள் கதவு தட்டுவார்கள். வரி, பனி அள்ளுதல், கார்த் திருட்டு, இன்னும் அதிக பொலிஸ் என்று பேசுவார்கள். நாமும் வழக்கம்போலத் தலையாட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைப்போம். இந்தமுறை அப்படி அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். நாங்கள் கட்சிக்காரர் இல்லை. தொடர்மாடிகளில் குடியிருப்போர், ஓய்வுபெற்ற தாதியர், ஆசிரியர்கள், மனநோயோடு வாழும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்று சிலர் சேர்ந்திருக்கிறோம்.

211 என்ற எண் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2022 மார்ச் 31ஆம் திகதி இந்த நகரம் சமூக நெருக்கடிச் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. முதலில் தொடங்கிய பகுதிகளில் ஸ்காபரோவும் ஒன்று. மல்வேர்னில் இருக்கும் தைபு சமூக சுகாதார நிலையம்தான் இங்கே அதைப் பொறுப்பேற்றது. 211க்கு அடித்தால் பயிற்சி பெற்ற நெருக்கடிப் பணியாளர் அணி ஒன்று வீட்டுக்கோ தெருவுக்கோ வரும். துப்பாக்கி இல்லை, கைவிலங்கு இல்லை, பொலிஸ் சீருடை இல்லை. இரவு பகல் எந்நேரமும் இலவசம். 16 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் உதவுவார்கள். வந்து பேசுவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், தங்க இடம் தேடித் தருவார்கள், இரண்டு நாளுக்குள் மீண்டும் தொடர்புகொள்வார்கள். தொலைபேசியில் 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 911க்கு வரும் அழைப்புகளில் பொருத்தமானவையும் இவர்களுக்கே திருப்பப்படுகின்றன. முதல் ஆண்டில் 6,827 அழைப்புகள் வந்தன. 911இலிருந்து திருப்பப்பட்டவற்றில் 78 விழுக்காடு பொலிஸ் தலையிடாமலே முடிந்தது. 2024 ஜூலையில் சேவை நகரம் முழுவதற்கும் விரிந்தது. பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் வரிசையில் இதை நான்காவது அவசர சேவை என்கிறது நகரசபை.

நமது வாசலிலேயே தொடங்கிய சேவை இது. ஆனாலும் நம்மவர் கை 911க்குத்தான் போகிறது. மேல்மாடியில் யாரோ கத்துகிறார்கள் என்றால் 911. பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பையன் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்கிறான் என்றால் 911. மறதி நோய் வந்த அப்பு செருப்பில்லாமல் வெளியே போய்விட்டார் என்று கண்டாலும் 911. பொலிஸ் வாகனம் வந்து நின்றபின் நாலு வீட்டு யன்னல் திரை விலகும். இதற்கு மாறாக, பக்கத்து வீட்டில் மனைவிக்கு அடிவிழும் சத்தம் கேட்டால் மட்டும் 'அது அவையின்ரை குடும்ப விசயம்' என்று பேசாமல் இருப்போம். 911 அடிக்கவேண்டிய இடம் அதுதான். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பொலிஸ் வந்தால் என்ன குறை என்று கேட்பவர்கள், மிசிசாகாவின் மோல்ரன் பகுதியில் 2020 ஜூன் 20ஆம் திகதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். எஜாஸ் சௌத்ரிக்கு 62 வயது. பாகிஸ்தானிலிருந்து வந்தவர், மனச்சிதைவு நோயாளி, ஆங்கிலம் அதிகம் தெரியாதவர். மருந்து எடுக்காமல் குழம்பியிருந்தார். குடும்பம் அழைத்தது அவசரமில்லாத எண்ணுக்கு. கேட்டது மருத்துவ உதவி. கையில் கத்தி இருக்கிறது என்றதும் பொலிஸ் வந்தது. அவர் தன் வீட்டுக்குள் தனியாகத்தான் இருந்தார். தாங்கள் உள்ளே போய்ப் பேசுகிறோம் என்று உறவினர் கேட்டதாகவும் பொலிஸ் விடவில்லை என்றும் குடும்பத்தினர் பின்னர் சொன்னார்கள். பொலிசார் ஏணி வைத்து இரண்டாம் மாடிப் பல்கனியில் ஏறிக் கதவை உதைத்துத் திறந்தார்கள். மின்னதிர்வுத் துப்பாக்கி, பிளாஸ்ரிக் குண்டு, கடைசியில் உண்மையான குண்டு இரண்டு. அவர் இறந்துபோனார். 2021 ஏப்ரலில், பொலிசாரை விசாரிக்கும் சிறப்பு விசாரணைப் பிரிவு எவர்மீதும் குற்றம் சுமத்தக் காரணமில்லை என்று கோப்பை மூடியது. அந்தப் பல்கனியில் நின்றவர்களுக்கு அவர் ஒரு நோயாளியாகத் தெரியவில்லை, கத்தியோடு நிற்கும் மனிதனாகத் தெரிந்தார். நம் வீட்டு அப்பாவும் அப்படித்தான் தெரிவார்.

இது தனிச் சம்பவம் என்று சொல்லாதீர்கள். ரொறன்ரோவிலேயே 1997இல் எட்மன்ட் யூ, 35 வயது, மருத்துவ மாணவனாக இருந்து மனநோயில் வீழ்ந்தவர், பஸ்ஸுக்குள் பொலிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் சமி யாற்றிம், 18 வயது, வெறுமையான ஸ்ரீற்காரில் ஒன்பது வேட்டுகள். 2015இல் அன்ட்ரூ லோக்கு, 45 வயது, ஐந்து பிள்ளைகளின் தகப்பன், தான் குடியிருந்த கட்டடத்திலேயே. யாற்றிமின் மரணத்துக்குப் பிறகு முன்னாள் உச்சநீதிமன்ற நீதியரசர் இயாக்கொபூச்சி ரொறன்ரோ பொலிசுக்கு 84 பரிந்துரைகள் எழுதினார். லோக்கு கொல்லப்பட்டது அந்தப் பரிந்துரைகள் வெளிவந்து ஓராண்டுக்குள். 2000 முதல் 2017 வரை கனடாவில் பொலிசின் பலப்பிரயோகத்தில் முடிந்த 460க்கு மேற்பட்ட மரணங்களை சிபிசி தொகுத்தபோது, இறந்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மனநலச் சிக்கலோ போதைப் பழக்கமோ உள்ளவர்கள் என்று தெரிந்தது.

கத்தி எடுத்தவரிடம் 211 அணி தனியே போகாது. அதை மறைக்க மாட்டோம். ஆயுதம், அடிதடி, உயிராபத்து என்றால் 911தான். ஆனால் கத்தி எடுக்கும் நாள் திடீரென்று வருவதில்லை. மருந்தை நிறுத்தி, நித்திரை இல்லாமல், அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளி... வாரக்கணக்கில் வீட்டுக்கு எல்லாம் தெரியும். 211க்கு அடிக்கவேண்டியது அந்த வாரங்களில். அந்த வாரங்களில் நாம் என்ன செய்கிறோம்? மந்திகை, அங்கொடை என்று மனநோய்க்குச் சிகிச்சை தந்த இடங்களின் பெயர்களையே வசைச் சொல்லாக்கிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். 'விசர்க் குடும்பம்' என்று பெயர் வந்தால் தங்கச்சிக்குச் சம்பந்தம் பொருந்தாது என்று கதவைச் சாத்துகிறோம். நூல் கட்டுகிறோம், நேர்த்தி வைக்கிறோம். கடைசி இரவில் பயந்துபோய் 911 அடிக்கிறோம். மூத்தோரே, இதைக் கோபித்துக்கொண்டாவது வாசியுங்கள்.

இன்னொன்று. 911 அடித்துப் பொலிஸ் வந்து வழக்குப் பதிவானால் குடியுரிமை எடுக்காத பிள்ளையின் நிலை என்ன? 2013இல் மாற்றிய சட்டப்படி ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற நிரந்தர வதிவாளருக்கு நாடுகடத்தலை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமை இல்லை.

இந்த 211 சேவை நமக்குச் சும்மா கிடைக்கவும் இல்லை. லோக்குவுக்கு நீதி கேட்டு 2016 வசந்தத்தில் கறுப்பின இளையோர் பொலிஸ் தலைமையகத்தின் முன் குளிரில் இரண்டு வாரம் கூடாரமடித்துக் கிடந்தார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் தந்தது இது. ஈழத்தில் போரை நிறுத்தக் கேட்டு 2009 மே 10ஆம் திகதி குழந்தை குட்டிகளோடு கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த சமூகம் நாம். அந்தக் கூடாரத்துக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்?

வந்த சேவை நிலைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1989 முதல் இதே வேலையைச் செய்துவந்த காஹூட்ஸ், உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட அமைப்பு. 2019இல் சுமார் 24,000 அழைப்புகளில் பொலிஸ் துணை கேட்டது மிகச் சில தடவை மட்டுமே என்று அதை நடத்திய மருத்துவ நிலையம் சொன்னது. 2025 ஏப்ரலில், பணம் போதாமல், யூஜீனில் அது நிறுத்தப்பட்டது. இங்கே ரொறன்ரோ பொலிசின் நிகரச் செலவு 2025இல் சுமார் 122 கோடி டொலர். நகரசபையில் பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவது, கேட்க ஆளில்லாத சேவைதான்.

ஆகவே இன்றே 211ஐத் தொலைபேசியில் பதிந்துவையுங்கள். அம்மா அப்பாவின் தொலைபேசியிலும் பதியுங்கள். கோயில், தேவாலயம், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்க அறிவித்தல் பலகைகளில் எழுதி ஒட்டுங்கள். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கம் வீடு வாங்கிப் போனவர்களே, ரொறன்ரோவின் இந்த அணி எல்லை தாண்டி வராது. உங்கள் நகரசபையிடம் நீங்கள் கேட்கவேண்டும்.

கதவு தட்டும் வேட்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சமூக நெருக்கடிச் சேவையின் பணத்தை வெட்ட மாட்டேன், ஸ்காபரோவில் தமிழ் பேசும் பணியாளரைக் கூட்டுவேன் என்று எழுத்தில் தருவீர்களா? மழுப்புகிறவருக்கு வாக்கில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இப்போது கேட்காமல் இருந்துவிட்டு, நாளை உங்கள் வீட்டில் ஒன்று நடந்தபின் எங்களிடம் வந்து கண்டன அறிக்கை கேட்காதீர்கள்.