பார்த்தவரா, பகிர்ந்தவரா? திரைப்பட இணையத் திருட்டு வழக்குகளில் பொறுப்பை நிர்ணயிப்பது எது?

மும்பை: புதிய தமிழ்ப் படம் வெளியாகும் நாளில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்கள் ஒரு காலத்தில் மாட்டுங்கா அரோரா திரையரங்கில் திரண்டனர். இன்று அதே படத்தின் திருட்டுப் பிரதி, டெலிகிராம் அல்லது வாட்ஸ்அப் குழு வழியாகச் சில மணி நேரத்தில் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்தவர், பிறருக்கு அனுப்பியவர், குழுவின் நிர்வாகி ஆகியோரில் சட்டத்தின் முன் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது முக்கியக் கேள்வியாக உள்ளது.

கடுமையாகும் தண்டனை

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறுவோருக்கும் அதற்கு உடந்தையாக இருப்போருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட இயலாத குற்றம் என உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்குக் குறைந்தபட்சம் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. இந்த அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை உயரலாம்.

ஆனால் தண்டனை கடுமையாவதால் மட்டும் குற்றம் நிரூபணமாகிவிடாது. 'தெரிந்தே' என்ற சொல்லே 63-வது பிரிவின் அடித்தளம். அதை நிறுவ வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது.

மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த எல்லை

2016-ல் 'டிஷூம்' இந்திப் படத்தின் இணையத் திருட்டைத் தடுக்கக் கோரி ஈராஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கை நீதிபதி கௌதம் படேல் விசாரித்தார். இணையதளங்களை முழுமையாக முடக்கும் பொதுவான உத்தரவைப் பிறப்பிக்க அவர் மறுத்தார். சட்டவிரோத இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பிரமாணப் பத்திரத்துடன் தாக்கல் செய்யுமாறு வலியுறுத்தினார்.

முடக்கப்பட்ட பக்கங்களில், திருட்டுப் பிரதியைப் பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்ற எச்சரிக்கை அப்போது இடம்பெற்றிருந்தது. வெறுமனே பார்ப்பது குற்றமல்ல. அனுமதியின்றி விநியோகிப்பதும், பொதுவில் திரையிடுவதும், விற்பதும், வாடகைக்கு விடுவதுமே குற்றம் என அவர் தெளிவுபடுத்தினார்.

எனினும் இந்த விளக்கத்தை முழுப் பாதுகாப்பாகக் கருத முடியாது. படத்தை மின்னணு வடிவில் சேமிப்பதும் பிரதி எடுத்தலில் அடங்கும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். டோரண்ட் முறையில் பதிவிறக்கம் செய்பவரின் கருவி, பெற்ற பகுதிகளை அதே வேளையில் பிறருக்கும் அனுப்புகிறது. பார்க்க மட்டுமே எண்ணியவரும் இவ்வாறு விநியோகிப்பவராகிவிடுகிறார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. '3' படம் தொடர்பான வழக்கில் 2012-ல் பெறப்பட்ட உத்தரவைக் கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் முழு இணையதளங்களையே முடக்கின. குறிப்பிட்ட இணைப்புகளுக்கு மட்டுமே தடை பொருந்தும் என சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் மாதம் விளக்கமளித்தது.

நிர்வாகியின் பொறுப்பு

வாட்ஸ்அப் குழு உறுப்பினர் ஒருவரின் ஆட்சேபத்துக்குரிய பதிவுக்காக, குழு நிர்வாகியை மட்டும் பொறுப்பாக்க முடியாது என மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. இருவருக்கும் பொதுவான நோக்கமோ முன்திட்டமோ இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அது பதிப்புரிமை வழக்கு அல்ல. திருட்டுப் படங்களை விநியோகிப்பதற்காகவே தொடங்கப்படும் சேனல்களின் நிலையும் வேறு. பயிற்சிப் பாடங்கள் திருடப்பட்ட வழக்கு ஒன்றில், சேனல்களை நடத்துவோரின் விவரங்களை அளிக்குமாறு டெலிகிராம் நிறுவனத்துக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

சான்று இல்லையேல் வழக்கு இல்லை

அத்தகைய விவரங்களில் கிடைக்கும் ஐ.பி. முகவரி, ஓர் இணைய இணைப்பை மட்டுமே அடையாளம் காட்டும். அதைப் பயன்படுத்திய நபரை அல்ல. தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே வைஃபை இணைப்பைப் பலர் பகிர்வதும், ஒருவர் பெயரிலுள்ள சிம் கார்டை மற்றொருவர் பயன்படுத்துவதும் அரிதல்ல. எனவே கருவி யார் கையில் இருந்தது, கோப்பை அனுப்பியவர் யார் என்பவை தனியாக நிறுவப்பட வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் 2020 ஜூலை மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூலக் கருவியே சமர்ப்பிக்கப்படாத நிலையில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, இச்சான்றிதழை இரு பகுதிகளாக்கியுள்ளது. முதற்பகுதியை ஆவணத்தைச் சமர்ப்பிப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் இம்மதிப்பு மாறிவிடும் என்பதால், பறிமுதலுக்குப் பின் திருத்தம் நடந்ததா என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்வதையும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற விதி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்கே பொருந்தும். திரைப்படத் திருட்டு அந்த வரம்புக்குள் வராது.

இந்த இடைவெளி இரு தரப்பையும் பாதிக்கிறது. சான்றிதழற்ற திரைப்பிடிப்புப் படத்தை மட்டும் நம்பும் தயாரிப்பாளரின் வழக்கு வலுவிழக்கலாம். ஹேஷ் மதிப்பு குறிக்கப்படாமல் கைப்பேசி கைப்பற்றப்பட்டால், நிரபராதிக்குத் தன் தரப்பை நிறுவுவது கடினமாகும். திருட்டைப் பதிவேற்றி வருவாய் ஈட்டுவோரைத் தண்டிப்பதற்கும், ஒரு கோப்பு தானாக வந்து சேர்ந்த கைப்பேசியின் உரிமையாளரைக் காப்பதற்கும் தேவைப்படுவது ஒன்றே: முறையாகத் திரட்டப்பட்ட சான்று.